உடையாத அரக்கு

காலை 10.10.

பட்டுக்கயிற்றின் முடிச்சில் அரக்கு முத்திரை வைத்தது வைத்தபடி இருந்தது. விரிசல் இல்லை, கீறல் இல்லை. கோயில் உண்டியலுக்கு வைப்பது போலத் தன் கையாலேயே வைத்த முத்திரை. பேராசிரியர் உமாபதி அதை எல்லாருக்கும் காட்டினார். பிறகு முடிச்சுக்குப் பக்கத்தில் கத்தரித்து, சாவியைத் திருப்பி, பீரோ கதவை விரியத் திறந்தார்.

திறந்தவர் அப்படியே நின்றார்.

மேல்தட்டில் லேப்டாப் இருந்தது. கீழ்த்தட்டில் செம்புக் கம்பிச் சுருள்கள் இருந்தன. நடுத்தட்டு காலி.

டெல்லியிலிருந்து வந்திருந்த ஆய்வுக் கமிட்டியின் தலைவி டாக்டர் சுகாசினி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். அப்போதும் காலிதான்.

"உமாபதி, அந்தப் பெட்டி எங்கே?"

உமாபதி நடுத்தட்டைக் கையால் தடவிப் பார்த்தார். வெளியே தென்னேரி ஏரிக்கரையில் பந்தல் போட்டாயிற்று. மைக் கட்டியாயிற்று. மாலை நாலு மணிக்குப் பத்திரிகைக்காரர்கள் வருகிறார்கள்.

பகல் 11.30.

"வண்டி உள்ள போவக் கூடாதுங்க மேடம்."

போலீஸ் ஜீப்பையே மறித்தவர் காவலாளி யேசுதாஸ். ஐம்பது வயது, காக்கி அரைக்கை சட்டை. இன்ஸ்பெக்டர் துர்காதேவி எட்டிப் பார்த்தாள்.

"ஏன்பா?"

"இஞ்சின் சத்தம் ஆன்டெனாவுல விழும். கலெக்டரே நடந்துதான் வந்தாரு."

"நாங்க வந்ததே உங்களைப் பிடிக்கத்தானாம். தெரியுமா?"

"தெரியும். அதுக்காக ரூலை மாத்த முடியுங்களா?"

துர்காதேவி இறங்கி நடந்தாள். அவளுக்குப் பிள்ளையார்பாளையத்தில் மாடிக் குடித்தனம். கீழே வீட்டுக்காரரின் இரண்டு தறிகள். தறிச் சத்தத்தில் தூங்கிப் பழகியவள்; சத்தம் நின்றால்தான் அவளுக்கு விழிப்பு வரும். இங்கே அந்த மாதிரி ஓர் அமைதி. கரை நெடுகப் பன்னிரண்டு கம்பங்கள் ஏரியைப் பார்த்து வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் வண்ணத்துப்பூச்சி மாதிரி கம்பிச் சிறகு.

கூடத்துக்குள் எஞ்சினியர் ஜெயக்குமார் காத்திருந்தான். முப்பது வயது, கலைந்த தலை.

"என்ன காணோம்?"

"பல்சர், மேடம்."

"பைக்கையா பீரோவுல வெச்சிருந்தீங்க?"

"அந்தப் பல்சர் இல்ல மேடம்." சிரிப்பை விழுங்கினான். "வானத்துலேர்ந்து நியூட்ரினோன்னு ஒண்ணு வருது. மலை, பூமி, நீங்க, நானு, எல்லாத்தையும் துளைச்சிக்கினு போயிடும். பயங்கர சக்தியோட வர்றது எப்பவாச்சும் ஒண்ணு பூமியோட விளிம்புல மோதும். மோதினா ரேடியோ அலையா ஒரே ஒரு துடிப்பு. கண் சிமிட்டுற நேரம்கூட இருக்காது. அதைப் பிடிக்கத்தான் இந்தக் கம்பம். இது ஒத்திகை. இது ஜெயிச்சா இமயமலைச் சரிவுல பத்தாயிரம் கம்பம் நடுவாங்க. உலகத்துலயே பெரிய அப்சர்வேட்டரி. டைரக்டர் எங்க சாரு."

"பல்சர்?"

"அதே மாதிரி பொய்த்துடிப்பு அனுப்புற பெட்டி. கம்பத்துக்குக் காது சரியாக் கேக்குதான்னு சோதிக்க. அது வெளிய இருந்தா எந்தத் துடிப்பையும் எவனும் நம்பமாட்டான். அதனாலதான் பூட்டி அரக்கு வெச்சாரு. வெச்சப்புறம், மூணு வாரம் முன்னாடி, ஒரு துடிப்பு விழுந்துது. அசல் நியூட்ரினோ. இன்னிக்கு உலகத்துக்கே சொல்றதா இருந்தாரு."

"இருந்தேன் இல்ல, இருக்கேன்." உமாபதி உள்ளே வந்தார். பட்டு அங்கவஸ்திரம், தங்க விளிம்புக் கண்ணாடி. "இதுல யோசிக்க ஒண்ணும் இல்ல மேடம். வாட்ச்மேன்தான். நேத்து சாயங்காலம் எடுத்திருப்பான். 'நேத்துதான் எடுத்தேன்'னு எழுதி வாங்குங்க. நாலு மணிக்குள்ள ஆவணும்."

துர்காதேவி அவரை ஒரு முறை முழுசாகப் பார்த்தாள். ஒரு திருட்டில் பொருள் திரும்பி வரவேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. திருட்டுக்குத் தேதி கேட்பவரை இப்போதுதான் பார்க்கிறாள். நேற்றுத் திருடினால், மூன்று வாரம் முன்பு பெட்டி உள்ளே இருந்தது. அப்படியானால் நியூட்ரினோ அசல். ஒரு காவலாளி ஜெயிலுக்குப் போனால் ஒரு பேராசிரியர் இமயமலைக்குப் போகலாம்.

"லேப்டாப்பை விட்டுட்டு, செம்பை விட்டுட்டு, எடைக்குப் போட்டா டீக்கும் ஆவாத பெட்டியை எடுத்தானா சார்?"

"அவனுக்கு என்ன தெரியும்?"

"செம்பு தெரியும்ல." அவள் பீரோவின் கைப்பிடியில் தொங்கிய கயிற்றை உருவி எடுத்தாள். முழ நீளம். மூன்று புரி. நடுவில் லேசாகச் சாம்பல் படிந்திருந்தது. தூசி என்று நினைத்தாள். "எதுக்குப் பட்டுக்கயிறு?"

"நம்ம ஊர் வழக்கம்னு வெச்சேன். எங்க வீட்டுல ஏழு தலைமுறையாத் தறி. ஆனா எங்கப்பா என்னைத் தறிக் குழி பக்கமே விடல. இன்னி வரைக்கும் ஓர் இழையைத் தொட்டதில்ல நான்." அதில் அவருக்கு ஒரு பெருமை.

சுவரில் பன்னிரண்டு கம்பங்களின் படம் மாட்டியிருந்தது. இந்த ஓரத்தில் இரண்டு, அந்த ஓரத்தில் இரண்டு, நான்கின் மேல் சிவப்பு டேப்.

"இது?"

"துடிப்பு வந்த அன்னிக்கு அது நாலும் பழுது" என்றார் உமாபதி. " மிச்ச எட்டே போதும். எட்டுலயும் ஒரே நேரத்துல, நேர்கோடா விழுந்திருக்கு."

பகல் 12.15.

யேசுதாஸைப் பந்தல் நிழலில் உட்கார வைத்தாள். பக்கத்தில் கான்ஸ்டபிள் கமல்.

"பீரோ சாவி எங்க இருக்கும்?"

"சார் மேசை டிராயர்ல. எல்லாருக்கும் தெரியும். அரக்கு இருக்குதேன்னு யாரும் சாவியை மதிக்கல."

"துடிப்பு வந்த அன்னிக்கு என்ன செஞ்சுக்கினு இருந்தீங்க?"

"கம்பம் தொடைச்சிக்கினு இருந்தேன். கொக்கு எச்சம். சார் திட்டுவாரு."

"எத்தினி கம்பம்?"

"எல்லாந்தான். கடைசிக் கம்பத்தண்ட குந்தித்தான் சோறு தின்னேன். பச்சை லைட்டு கண்ணைக் கூசுச்சு."

"பச்சைன்னா?"

"நல்லாக் கீதுன்னு அர்த்தம். பழுதுன்னா செகப்பு எரியும்." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மேடம், நான் திருடினேன்னு காதுல விழுந்தா எம் பொஞ்சாதி வடிவு ஊட்டுக்குள்ள சேக்கமாட்டா. சர்ச்சுல கோரஸ் பாடறவ. நீங்க என்னை எங்க வேணா கூட்டிக்கினு போங்க, அவளாண்ட மட்டும் நான் எடுக்கலன்னு நீங்களே சொல்லிடுங்க."

அடுத்து ஜெயக்குமார்.

"பெட்டி செஞ்சது நீதானாமே. நியூட்ரினோ கட்டுரையில உன் பேரு எங்க?"

"எட்டாவது."

"கோபம்?"

"இருக்குது. ஆனா எனக்கு எட்டாவதாவது கிடைச்சுது. இந்தக் கம்பத்து மேல இருக்கற சிறகை வரைஞ்சவனுக்கு அதுவும் இல்ல. ராஜவேலுன்னு ஒருத்தன். ஐயம்பேட்டை. ஆறு வருஷம் முன்னாடி இதே கூடத்துல, எல்லார் முன்னாடியும், 'பொய்த் தரவு தயாரிச்சான்'னு சொல்லி சார் அவனைத் துரத்தினாரு. டிசைன் மட்டும் இங்கயே தங்கிடுச்சு, சார் பேர்ல. அவன் சாயப்பட்டறையில கையில கெடைச்சதைக் குடிச்சான். பொழைச்சிட்டான். குரல் போச்சு."

"நிஜமாவே பொய்த் தரவா?"

"யாருக்குத் தெரியும்? திருப்பிக் கேக்க அவனுக்குத்தான் குரல் இல்லையே."

"தறி வேலை தெரியுமா உனக்கு?"

"எங்கப்பா முசரவாக்கத்துல லாரி ஓட்றவரு மேடம். பட்டன் அறுந்தாக்கூட டைலராண்ட ஓடற ஆளு நானு."

கடைசியாகக் காவேரி. ஆராய்ச்சி மாணவி. மூன்று வாரம் முன்பு துடிப்பை முதலில் பார்த்தவள் அவள்தான். பருத்தி சுடிதார், நெற்றியில் பளிச்சென்று திருநீறு, தோளில் தொங்கும் பையில் எவர்சில்வர் டிபன் கேரியர். உட்காரும்போதுகூட பையை இறக்கவில்லை.

"வீடு?"

"ஐயம்பேட்டை. ஷேர் ஆட்டோல வருவேன்."

"துடிப்பைப் பாத்ததும் என்ன செஞ்சே?"

"அப்படியே சார்கிட்ட குடுத்தேன். மிச்சத்தை அவரு பாத்துக்கிட்டாரு."

"எப்படிப்பட்டவரு உங்க சாரு?"

"ரொம்பத் திறமைசாலி."

குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. கைதான் சும்மா இருக்கவில்லை. விரல் நெற்றியைத் தொட்டது. பிறகு துப்பட்டா ஓரத்தில் பிரிந்திருந்த இரண்டு இழைகளைச் சேர்த்துத் திரித்தது. மறுபடி நெற்றி, மறுபடி இழை. பயந்த பெண் என்று நினைத்துக்கொண்டாள் துர்காதேவி.

எழுந்தபோது காவேரி கேட்டாள்: "யேசுதாஸ் அண்ணனை விட்டுடுவீங்கதானே மேடம்?"

"யாருன்னு தெரிஞ்சா விட்டுடுவேன்."

பகல் 1.30.

யேசுதாஸ் தன் தூக்கைத் திறந்து எலுமிச்சஞ்சோற்றை மூடியில் பாதி எடுத்து வைத்தார். பக்கத்தில் வந்து உட்கார்ந்த காவேரி அதை வாங்கிக்கொண்டாள். இரண்டு பேரும் ஒன்றாகச் சாப்பிட்டார்கள். அவள் கேரியர் பை தோளிலேயே கனத்துத் தொங்கியது.

கமல் ஏரிக்கரைப் படியில் நின்று தண்ணீரில் கல் எறிந்துகொண்டிருந்தான். துர்காதேவி அவனைத் திட்ட வாயெடுத்து, நிறுத்திக்கொண்டாள்.

கல் கிட்டே விழுந்தால் அலை வில்லாக வளைந்து வந்தது. படியின் நடு முதலில் நனைந்தது, ஓரங்கள் அப்புறம். தூரத்தில் விழுந்தால் அலை கோடாக வந்து படி முழுவதையும் ஒரே நேரத்தில் தொட்டது.

"இன்னொரு கல் போடு" என்றாள்.

கமல் பயந்துபோய்ப் போட்டான்.

துர்காதேவி நிழலில் உட்கார்ந்து, கவரிலிருந்து பட்டுக்கயிற்றை எடுத்துச் சாம்பல் நிறமாக இருந்த இடத்தை விரலால் தேய்த்தாள். தூசி இப்படி ஒட்டாது. கயிற்றின் இரு முனைகளையும் பிடித்து லேசாக இழுத்தாள். பிறகு கொஞ்சம் பலமாக. இழை வழுக்க ஆரம்பித்ததும் சட்டென்று நிறுத்தினாள்.

ஐந்து நிமிடம் கழித்து டாக்டர் சுகாசினியிடம் போனாள். "மேடம், அந்த நாலு கம்பம். அன்னிக்கு அதுங்க என்ன கேட்டுதுன்னு மெஷின்ல இன்னும் இருக்குமா?"

மாலை 3.40.

பந்தலில் கேமராக்காரர்கள் கேமரா ஸ்டாண்டுகளை விரித்து நிறுத்திக்கொண்டிருந்தார்கள். கூடத்தின் கதவைச் சாத்தினாள் துர்காதேவி. உள்ளே உமாபதி, சுகாசினி, ஜெயக்குமார், காவேரி. கமல் யேசுதாஸின் தோளில் கை போட்டு நின்றான்.

"எழுதிக் கொடுத்துட்டானா?" என்றார் உமாபதி.

"யேசுதாஸ், நீங்க போய் கேட்டைப் பாருங்க. ஏதாவது வண்டி உள்ள வந்துடப் போவுது."

யேசுதாஸ் அவளைப் பார்த்தார், கமலைப் பார்த்தார், தோளிலிருந்த கையை மரியாதையாக எடுத்து விட்டுவிட்டு வெளியே போனார்.

"என்ன மேடம் இது?"

"கயிறு சார்." அவள் அதை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இது அறுந்திருக்குதா, பாருங்க."

"இல்லை."

இழுத்தாள். மூன்று புரியும் மூன்று வெவ்வேறு இடங்களில் சத்தமில்லாமல் வழுக்கிப் பிரிந்தன. முடிச்சு இல்லை. மேசை மேல் கொஞ்சம் சாம்பல் உதிர்ந்தது.

"எல்லாரும் முத்திரையையே பாத்தீங்க. எடுத்தவங்க முத்திரையைத் தொடல. அதுக்கு அந்தப்பக்கம் கயித்தை அறுத்தாங்க, எடுத்தாங்க, திருப்பிச் சேத்தாங்க. முடிச்சுப் போட்டுச் சேத்திருந்தா கண்ணுல படும். எங்க வீட்டுக்காரர் தறியில பழைய பாவு நூலோட புதுப் பாவு நூலைச் சேக்கறப்போ ஆயிரக்கணக்கான இழையை ஒண்ணொண்ணா விரல்ல திரிச்சே பிணைப்பாங்க. முடிச்சு இருந்தா அச்சுல மாட்டும். பட்டு வழுக்கும், அதனால விரல்ல சாம்பல் தொட்டுக்குவாங்க. இழுத்துக் கட்டாத கயிறுன்னா அப்படியே நிக்கும், வருஷக்கணக்கா."

அவள் சுற்றிப் பார்த்தாள். "ஜெயக்குமாருக்கு இழை தெரியாது. சாரு தறியைத் தொட்டதே இல்லன்னு அவரே சொன்னாரு. தன் பீரோவைத் தானே காலி பண்ணி மானத்தை வாங்கிக்கவும் மாட்டாரு. இங்க அடுப்பு கெடையாது. அப்ப சாம்பல் ஏது?"

காவேரி தன் விரல்களைக் குனிந்து பார்த்தாள். ஆள்காட்டி விரல் நுனியில் வெள்ளை.

"காலையிலேர்ந்து நெத்தியைத் தொட்டுத் தொட்டு இழை திரிச்சுக்கினு இருக்கியேம்மா. யேசுதாஸ் சோத்துல பங்கு வாங்கினப்போ உன் கேரியர் தோள்ல கனத்துது. உள்ள சோறு இல்ல."

"கைப்பழக்கம்" என்றாள் காவேரி. "அஞ்சு வயசுலேர்ந்து பாவு பிணைச்ச கை மேடம். அதுக்குப் பொய் சொல்லத் தெரியல."

கேரியரைத் திறந்தாள். மேல் அடுக்கு காலி. கீழ் அடுக்கில் கறுப்பாக, சிறிதாக, பல்சர்.

"நாலு மணிக்கு, அவரு சொல்லி முடிச்சப்புறம், மைக் முன்னாடி வெக்கணும்னு இருந்தேன். கமிட்டி காலையிலயே பீரோவைத் திறக்கச் சொல்லும்னு நினைக்கல."

உமாபதியின் முகத்தில் ரத்தம் திரும்பியது. "ஐயம்பேட்டைத் தறிக்கார வீடு. நீ ராஜவேலுவுக்கு யாரு?"

"அவரு என் அத்தை மகன். எனக்குன்னு பேசி வெச்சிருந்த மாமா."

"பாத்தீங்களா." அவர் சுகாசினியிடம் திரும்பினார். குரல் ஏறியது. "கூடவே இருந்து குழி பறிச்சிருக்கா. பொய்த்துடிப்பு அனுப்பி ஏமாத்தியிருக்கா. நான் இதுல பாதிக்கப்பட்டவன். வெளிய போய் அப்படியே சொல்றேன்."

"ஏமாந்தீங்களா சார்?" என்றாள் துர்காதேவி.

அவள் சுவருக்குப் போய்ச் சிவப்பு டேப்புகளை ஒவ்வொன்றாக உரித்தாள்.

"கிட்ட விழுந்த கல்லோட அலை வளைஞ்சு வரும். நடுவுல முன்னாடி, ஓரத்துல பின்னாடி. ரொம்ப தூரத்துலேர்ந்து வந்தா கோடா வரும். நடு எட்டை மட்டும் பாத்தா வளைவு அவ்வளவாத் தெரியாது. ஓரத்து நாலு இருந்தா காட்டிக் குடுத்துடும். நம்ம ஊர்க் கடையில கரை கெட்ட சேலையை உள்பக்கமா மடிச்சுத்தான் விரிப்பாங்க சார். நீங்க தறியைத் தொடலன்னாலும் அதைக் கத்துக்கிட்டிருக்கீங்க."

"அது நாலும் பழுது."

"பன்னிரண்டும் ஓடியிருக்கின்றன." சுகாசினி லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினார். "மூலத் தரவை இப்போதுதான் பார்த்தேன். ஓரத்து நான்கிலும் துடிப்பு தாமதமாக வந்திருக்கிறது. மூலம் விண்வெளியில் இல்லை உமாபதி, ஏரி மதகில் இருக்கிறது. இதே கணக்கை நீங்களும் போட்டிருக்கிறீர்கள்; கோப்பு இதிலேயே இருக்கிறது. போட்டுப் பார்த்த அன்றே நான்கையும் நீக்கியிருக்கிறீர்கள்."

காவேரி எழுந்து அவருக்கு எதிரே வந்து நின்றாள்.

"மதகு மேல எதுக்கு வெச்சேன்னு யோசிச்சீங்களா சார்? தூரமா, யாரும் கண்டுபிடிக்க முடியாத இடத்துல வெச்சிருக்கலாம். கிட்டத்துல வெச்சேன். நேர்மையாப் பாக்கற எவனுக்கும் உடனே தெரியற இடம். பன்னெண்டு கம்பத்தையும் அப்படியே உங்க கையில குடுத்தேன். 'இது பொய், தூக்கிப் போடு'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும். பெட்டியைத் திருப்பி வெச்சுட்டு, என் மாமா மேலதான் தப்பு போலன்னு அழுதுட்டுப் போயிருப்பேன். நான் துடிப்பு மட்டும்தான் அனுப்பினேன். நாலு கம்பத்தை மூடினது நீங்க."

குரல் இன்னும் ஏறவில்லை. கண்கள் மட்டும் அவர் முகத்தை விட்டு அசையவில்லை.

"இதே கூடம். இதே இடம். 'தரவைத் திருத்தற திருடன்'னு என் மாமாவைச் சொன்னீங்களே, ஞாபகம் இருக்கா?"

வெளியே ஒலிபெருக்கி உறுமியது. ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ.

"உமாபதி" என்றார் சுகாசினி, "நீங்களே போய்ச் சொல்கிறீர்களா? நான் சொல்லட்டுமா?"

அவர் வாயைத் திறந்தார். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. மறுபடி திறந்தார். வரவில்லை.

காவேரி அதைப் பார்த்தாள். ஆறு வருஷமாகப் பட்டினி கிடந்தவள் இலை முன் உட்கார்ந்து, ஒரு பருக்கை விடாமல் தின்பது போலப் பார்த்தாள். வயிறு நிறைந்ததும் துர்காதேவியிடம் திரும்பிக் கைகளை நீட்டினாள்.

"திருட்டு திருட்டுதாம்மா" என்றாள் துர்காதேவி.

"தெரியும் மேடம். அதுக்குத் தயாராத்தான் வந்தேன்."

மாலை 4.20.

கேட்டருகில் யேசுதாஸ் வழி விடவில்லை.

"சோத்துல பாதி குடுத்தேனேம்மா. என்னை இட்டுக்கினு போயிருந்தா?"

காவேரி அன்றைக்கு முதன்முறையாகத் தலை குனிந்தாள். "விட்டிருக்க மாட்டேண்ணா. உங்களை ஜீப்புல ஏத்தியிருந்தா கேரியரைத் திறந்திருப்பேன்."

"காலையிலயே திறந்திருக்கலாம்ல?"

காவேரி அவர் முகத்தைப் பார்க்காமல் துப்பட்டா இழையைத் திரித்தாள். யேசுதாஸ் கேட்டைத் திறந்து ஒதுங்கி நின்றார்.

ஜீப் கரையை விட்டு இறங்கியது. பின்னால் ஒலிபெருக்கியில் சுகாசினியின் குரல் தெளிவாகக் கேட்டது. உமாபதியின் பெயர் கேட்டது. நான்கு கம்பங்களின் கதை கேட்டது. ராஜவேலு என்ற பெயரும் கேட்டது.

"ஒரே ஒரு போன் பண்ணிக்கட்டுமா மேடம்?"

துர்காதேவி தன் போனையே கொடுத்தாள். காவேரி எண்ணை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டாள். மறுமுனையில் யாரோ எடுத்தார்கள். ஹலோ இல்லை. தறிச் சத்தம் மட்டும். டக், டக், டக்.

"மாமா, நான்தான். கேளுங்க." போனை ஜன்னலுக்கு வெளியே, ஒலிபெருக்கி பக்கமாக நீட்டிப் பிடித்தாள். ஜீப்பை ஓட்டிய கமல் யாரும் சொல்லாமலே வண்டியை நிறுத்தி இஞ்சினை அணைத்தான்.

சுகாசினி பேசி முடித்தார். கேள்விகள் எழுந்தன. எல்லாம் ராஜவேலுவைப் பற்றிய கேள்விகள்.

காவேரி போனை உள்ளே இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மூன்று பேரும் அதையே பார்த்தார்கள்.

ஐயம்பேட்டையில் தறி நின்றிருந்தது.